அறுபத்துநான்குக்கு விழுந்த ஓட்டு

இன்பராணி அக்காவுக்கு இந்தி நன்றாகப் பேச வரும். எழுத வராது. தில்லிக்கு வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி வேலைதான். இப்போது எலும்பு முறிவு வார்டுக்கு சிஸ்டர் இன்சார்ஜ். "பாபுஜி, பைர் மத் ஹிலானா" என்று அவர் ஒரு தடவை சொன்னால், மீசை வைத்த போலீஸ்காரர்கூடக் காலை அசைக்காமல் படுத்திருப்பார். ஆனால் ஒரு வரி இந்தியில் எழுதச் சொன்னால், எழுத்துகளுக்கு மேலே ஓடும் கோட்டை முதலில் நீளமாக இழுத்துவிட்டு, அதற்குக் கீழே எதைத் தொங்கவிடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய இன்னொரு வேலை, எங்கள் பாடகர் குழுவை நடத்துவது. கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய தேவாலயத்தில் காலையில் ஆங்கில ஆராதனை, பிறகு இந்தி ஆராதனை, மாலையில் எங்கள் தமிழ் ஆராதனை. குழுவில் இருபது பேர். அதில் பாதிப் பேர் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று ஊர்ப்பெயர் சொல்வார்கள். சிறுவயதிலேயே ஸோல்ஃபா கற்றவர்கள். ஸ்வரங்களை ஆங்கில எழுத்துகளாலும் புள்ளிகளாலும் எழுதும் அந்த முறையை அவர்கள் செய்தித்தாள் மாதிரி வாசிப்பார்கள். மறுபாதி தில்லியில் பிறந்த பிள்ளைகள். அவர்களுக்கு ஸோல்ஃபாவும் தெரியாது, தமிழும் வாசிக்க வராது. இந்தி தெரியும்.

இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைத்தது ஒரு சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம். வட இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் ஓர் இசை ஆசிரியர் எழுதியது. மேலே ஸோல்ஃபா, அதற்குக் கீழே தமிழ் வரி. ஒரு பொத்தானை அழுத்தினால் அதே தமிழ், இந்தி எழுத்தில் மூன்றாவது வரியாக வந்து உட்காரும். 'மூணு வரித் தாள்' என்று நாங்கள் சொல்வோம். டூட்டி முடிந்ததும் அக்கா நர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே தேவாலயத்துக்கு வந்து, பாடகர் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தாள்களை அடிப்பார். டீ ஆறிக்கொண்டிருக்கும்.

2008ஆம் வருடத்து ஜனவரியில் அக்காவுக்கு ஒரு பாட்டு வந்தது. இரவு டூட்டி முடிந்து காலையில் வெளியே வருகிறார். எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியாத பனிமூட்டம். குவார்ட்டர்ஸ் வாசலில் இரவுக் காவலுக்கு நிற்கும் சௌக்கிதார்கள் இரண்டு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பழைய டயரையும் சுள்ளியையும் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்து பிறந்த செய்தியை அன்று மேய்ப்பர்களுக்குச் சொன்ன தேவதூதன் இன்று வந்தால், முதலில் இவர்களிடம்தான் சொல்லுவான் என்று அக்காவுக்குத் தோன்றியது. அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் அடி ராகத்தோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில், கட்டுப் போடும்போதும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளி வாங்கும்போதும் சோப்ரானோ, ஆல்டோ என்று பெண்குரல் இரண்டு, டெனார், அடியில் இறங்கும் பேஸ் என்று ஆண்குரல் இரண்டு, ஆக நாலு குரலுக்கும் கட்டி முடித்தார்.

வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் பாட்டு. யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் கீதங்களோடு கீதமாக, பெயர் போடாமல் தாளை நுழைத்துவிட வேண்டும். எங்கள் இருபது பேர் வாயால் அது நாலு குரலில் ஒலிப்பதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இது அவரே பின்னால் எங்களிடம் சொன்னது.

அக்டோபரில், அந்தப் பாட்டைத் தவிர மற்றதெல்லாம் அடித்து முடித்திருந்த சமயத்தில், பழைய கம்ப்யூட்டர் உறுமத் தொடங்கியது. பிறகு உறுமலும் நின்றது.

எங்கள் ஆட்கள் ஒரு நாற்காலி வாங்குவதாக இருந்தாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகு எல்லாரும் கை தூக்க வேண்டும். கூட்டம் ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடியும், நடுவில் சண்டை. கம்ப்யூட்டருக்கும் அப்படியே கமிட்டி கூடியது. நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் கிளமெண்ட் அண்ணன், எங்கள் டெனார், எழுந்து நின்றார்.

"புதுப் பெட்டில நாலு ஜி.பி. மெமரி வருது. ஒரே ஒரு விஷயம்தான் முடிவு பண்ணணும். விண்டோஸ் முப்பத்திரண்டு பிட்டா, அறுபத்திநாலு பிட்டா?"

"அப்படின்னா என்னல?" என்றார் தானியேல் மாமா. எங்கள் பேஸ் வரிசையின் தலைவர். தபால் கணக்குத் துறையில் வேலை, துவாரகாவில் வீடு. ஆள் உட்கார்ந்தாலே பெஞ்சு ஒரு சுருதி இறங்கும்.

"ஒரு நேரத்தில எவ்வளவு ஏத்திக்கிட்டுப் போகும்கறதுதான் மாமா. முப்பத்திரண்டு சீட் பஸ், அறுபத்திநாலு சீட் பஸ்னு வெச்சுக்குங்க."

"நம்ம குழுவுல இருக்கதே இருபது பேரு. முப்பத்திரண்டே மிச்சம்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். சோப்ரானோ வரிசையிலிருந்து ஃபெபி துள்ளி எழுந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள், தில்லியிலேயே பிறந்தவள்.

"அரே மாமா, சுனோ! நமக்கு ரெக்கார்டிங் வேணும். மைக் வெச்சு ஒவ்வொரு வாய்ஸா பாடி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம். முப்பத்திரண்டுல நாலு ஜி.பி. போட்டாலும் மூணு சொச்சம்தான் அதுக்குத் தெரியும். கிளமெண்ட் பையா தான் சொன்னாங்க. வாங்கின மெமரிய வேஸ்ட் பண்ணணுமா?"

"ரெக்கார்டு பண்ணி யாருக்குட்டி விக்கப் போற? இங்க முதல்ல சுருதி சேரட்டும்."

"உங்களாலதான் மாமா சேரல!"

"ஏட்டி!"

கிளமெண்ட் அண்ணன் கையைத் தூக்கி இருவரையும் அமர்த்தினார். "இன்னொண்ணும் சொல்லணும். மூணு வரித் தாள் போடுற புரோகிராம் ரொம்பப் பழசு. அது பதினாறு பிட் காலத்து ஆளு. முப்பத்திரண்டு, போனாப் போகுதுன்னு அதைக் கூட்டிக்கிட்டுப் போகும். அறுபத்திநாலு ஏத்தவே ஏத்தாது. படியிலகூட நிக்க விடாது."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் ஒரே பெட்டில போட முடியாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"போடலாம். ஆன் பண்ணும்போதெல்லாம் எது வேணும்னு கேக்கும். தானியேல் மாமா ஒரு நாள் வந்து எதையாவது அமுக்கினா ரெண்டும் போயிரும்."

"நான் ஏன்ல அதைத் தொடுதேன்?"

"போன வாட்டி பிரிண்டர் எப்படிப் போச்சு மாமா?"

மாமா பெஞ்சில் பின்னால் சாய்ந்துகொண்டார். கை தூக்கினார்கள். முப்பத்திரண்டுக்குப் பாதி, அறுபத்துநான்குக்குப் பாதி. பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகளும் கிளமெண்ட் அண்ணனும் மறுபக்கம். சமமாக வந்தால் குழுத் தலைவரின் ஓட்டுதான் முடிவு. தலைவர் இன்பராணி அக்கா.

முப்பத்திரண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் பாட்டு மூன்று வரித் தாளில் ஏறிவிடும். பிள்ளைகள் இந்தி வரியைப் பார்த்துப் பாடிவிடுவார்கள். தாள் இல்லாவிட்டால் பாதிக் குழுவுக்குப் பாட்டு போய்ச் சேராது. யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலாவது போய் அடிக்கலாம்தான். ஆனால் என்ன பாட்டு, யார் பாட்டு என்று கேள்வி வரும். வார்டில் பெரிய டாக்டரையே மடக்கிக் கேள்வி கேட்கிறவர், தன் பாட்டுக்காகத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளக் கூசினார்.

"அடுத்த வாரம் சொல்லுதேன்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் கிளமெண்ட் அண்ணன் புதுப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். சோதனைக்காக அறுபத்துநான்கு பிட் விண்டோஸ் போட்டிருந்தார். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம். அக்கா முதலில் செய்த காரியம், பாளையங்கோட்டைப் புரோகிராமின் சி.டி.யை உள்ளே போட்டதுதான். இந்தப் பதிப்பில் இது ஓடாது என்று திரை மரியாதையாகச் சொன்னது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே மரியாதை.

"ஒரு நிமிஷம் இங்க உக்காருங்க ஆன்ட்டி" என்று ஃபெபி அவரைத் தோளைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். "ஏதாவது பாடுங்க. டெஸ்ட்டுக்குத்தான்."

"என்னத்தப் பாட?"

"எது வேணாலும். ஜல்தி, ஜல்தி, ரெக்கார்டிங் ஓடுது!"

அவசரத்தில் அவர் வாயில் வந்தது அந்தப் பாட்டின் ஆல்டோ வரிதான். பத்து மாதமாக வேறு எதுவும் அங்கே குடியிருக்கவில்லை.

"அச்சா, இப்போ அதுக்கு மேல சோப்ரானோ." பாடினார். "டெனார் தெரியுமா?" தெரியும். "பேஸ்?" பேஸ் வரி அவர் தொண்டைக்கு எட்டாத பள்ளத்தில் இருந்தது, அதனால் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடினார். ஃபெபி நாலையும் அடுக்கி, தேவாலயத்தில் ஒலிப்பது போலக் கொஞ்சம் எதிரொலி சேர்த்து, ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைத் திருப்பினாள்.

நாலு இன்பராணிகள் பாடினார்கள்.

பனிமூட்டம் விலகும் முன்னே
பாலன் வந்தார் கேளுங்கள்;
தீமூட்டிக் குளிர்காயும்
காவலரே எழும்புங்கள்.

பாட்டு முடிந்தும் அக்கா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கன தூசி ஜாஸ்தி" என்றார்.

"யார் பாட்டு ஆன்ட்டி இது? சூப்பரா இருக்கு!"

"எங்க ஊர்ப் பக்கம் பாடுவாவ" என்றார் அக்கா. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், சொல்லிவிட்டு மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

ஃபெபி இன்னும் இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். மூன்றாம் தடவை தானும் சேர்ந்து பாடினாள். ஒரு சொல்லும் தவறவில்லை. கையில் தாள் இல்லை. கண் எழுத்தில் இல்லை. பாடிக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்து, திரும்பி வந்து, கடைசி வரியில் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருடத்தில் இந்தப் பிள்ளை பாடும்போது அவள் கண்ணை அக்கா பார்த்ததே இல்லை. எப்போதும் அது தாளின் மூன்றாவது வரியில் இருக்கும்.

"கிளமெண்ட், இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போவாண்டாம்" என்றார் அக்கா. "என் ஓட்டு அறுபத்திநாலுக்கு."

அடுத்த வாரம் கமிட்டியில் அது பதிவானபோது தானியேல் மாமா சத்தமாகப் பெருமூச்சு விட்டார்.

பெரியவர்களுக்காக அக்கா ஸோல்ஃபாவையும் தமிழையும் கையால் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சி.டி.; முதலில் முழுப் பாட்டு, பிறகு அவரவர் குரல் தனியாக. வேண்டாம் என்று கை தூக்கியவர்களும் சி.டி. கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தானியேல் மாமா தாளைப் பைக்குள் போட்டுவிட்டு, சி.டி.யைக் காரில் வைத்தார். துவாரகாவிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து துவாரகாவுக்கும் வாரம் முழுக்க அதுதான் ஓடியது என்று அவர் மனைவி வடிவு அத்தை சொன்னார். "தௌலா குவான் சிக்னல்ல பக்கத்து கார்க்காரன் கண்ணாடியை இறக்கிப் பாக்குதான். இவுகளுக்கு ஒரு கவலையும் இல்ல."

ஒத்திகை நாள் வந்தது. அக்கா சுருதி கொடுத்தார். சோப்ரானோ எடுத்தது, ஆல்டோ சேர்ந்தது, டெனார் வந்தது. பேஸ் நுழைய வேண்டிய இடத்தில், எங்கோ உச்சியில் மெல்லிய கீச்சுக் குரல் ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தோம். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு, இன்பராணி அக்கா பாடிய அதே உயரத்தில் தானியேல் மாமா பாடிக்கொண்டிருந்தார். அவருடைய வரிசையிலிருந்த மற்ற மூன்று பேரும் தலைவரைப் பின்பற்றி அங்கேயே ஏறியிருந்தார்கள்.

பாட்டு நின்றது. ஃபெபி சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் சிரிக்கிய? சி.டி.ல உள்ள மாதிரிதான பாடுதேன்? ஒரு ஸ்வரம் தப்புன்னு சொல்லு பாப்போம்!"

"தப்பே இல்ல அண்ணாச்சி" என்றார் அக்கா, சிரிப்பை அடக்க முடியாமல். "ஆனா அது நான் பொம்பளத் தொண்டையில பாடினது. நீங்க கீழ இறங்கி வரணும்."

"அதை முதல்லயே சொல்லுததுக்கென்ன? ஒரு வாரமா உசுரைக் குடுத்து ஏத்தி வெச்சிருக்கேன். இனி எப்படி இறக்க?"

இறங்கவும் இல்லை. நாலு தடவை முயன்றார். பாதி வழியில் குரல் பழையபடி உச்சிக்கு ஓடிவிடும். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு இன்னும் ஒரே ஞாயிறுதான் இருந்தது. பேஸ் இல்லாமல் பாட்டு நிற்காது. அக்காவின் முகத்தில் சிரிப்பு வற்றியது. தாளை மடித்தார். "இந்தப் பாட்டை இந்த வருஷம் விட்டிருவோமா? மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏன் விடணும்?" என்று கிளமெண்ட் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பேஸ் குரல் மட்டும் இருந்த பதிவை எடுத்து, அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார். திரையில் ஒரு கோடு மெதுவாக ஊர்ந்து முடிந்தது. மறுநாளே தானியேல் மாமா கையில் புது சி.டி.

இரண்டு நாள் கழித்து அவர் அக்காவுக்குப் போன் செய்தார். நாலைந்து பேர் சுற்றி நின்றிருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்பராணி, இந்தப் புது சி.டி.ல பேஸ் பாடுதது யாரு? நல்ல கனத்த சாரீரமால்லா இருக்கு! இவன்கூடச் சேந்து பாடினா எனக்குத் தானா இறங்குது. எந்த ஊர்க்காரன்? நம்ம குழுவுக்குக் கூட்டிட்டு வரக் கூடாதா?"

ஃபெபி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கா சிரிக்காமல், "நம்ம ஊரு ஆளுதான் அண்ணாச்சி. வெக்கப்படுத ஆளு. முன்னால வர மாட்டாரு" என்றார்.

கீத ஆராதனை அன்று தில்லியில் நல்ல குளிர். கோட்டுக்கு மேல் வெள்ளை அங்கி மாட்டியதில் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிந்தோம். ஏழாவதாக அந்தப் பாட்டு. பிள்ளைகள் கையில் தாள் இல்லை. அக்கா ஒரு தடவை முனகிச் சுருதி கொடுத்தார், கையை உயர்த்தினார்.

பேஸ் நுழையும் இடத்தில் தானியேல் மாமாவின் குரல் தரையைத் தொட்டது. அந்தக் குரலின் மேல் மற்ற மூன்றும் எழுந்து நின்றன. முன்வரிசைப் பிள்ளைகள் அக்காவின் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். சி.டி.யில் அவர் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கே எடுத்தார்கள். 'காவலரே எழும்புங்கள்' என்ற வரியில் அக்காவின் கை ஒரு கணம் தாளத்தை மறந்து காற்றில் நின்றது. நாங்கள் நிற்கவில்லை. அவர் கை திரும்ப வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது.

ஆராதனை முடிந்து, மண்டபத்தில் கேக்கும் டீயும். எங்கள் போதகர், தெற்கத்திக்காரர்களுக்கு 'ஐயர்', நேராக எங்களிடம் வந்தார். "ஏழாவது பாட்டு யார் எழுதியது? இதுவரை கேட்டதில்லையே."

"பழைய பாட்டு ஐயரே!" என்றார் தானியேல் மாமா, கேக்கை விழுங்கிக்கொண்டே. "எங்க ஊர்ப் பாட்டு. நான் சின்னப் பிள்ளையில சண்டே ஸ்கூல்லயே பாடியிருக்கேன். எங்க பக்கம் மூணாவது அடி கொஞ்சம் வேற மாதிரி வரும்." அந்த மூன்றாவது அடியையும் அங்கேயே இட்டுக்கட்டிப் பாட ஆரம்பித்தார்.

"மாமா, ஒன் மினிட்" என்றாள் ஃபெபி. "உங்க ஊர்ல ஸ்வெட்டர்னாலே என்னன்னு தெரியாதுன்னு சொல்வீங்க. பனிமூட்டம் எங்கிருந்து வந்துச்சு? பாட்டுல சௌக்கிதார் தீ மூட்டி உக்காந்திருக்காங்க. இது பக்கா தில்லி."

மாமாவின் மூன்றாவது அடி பாதியில் நின்றது. எல்லாரும் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினோம். அவர் டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மறைக்கத் தெரியாத முகம். காது வரை சிவந்திருந்தது.

"அந்தப் பாட்டுக்கு இன்னும் ஒரு வயசு ஆகல அண்ணாச்சி" என்றார்.

"நீயா?"

"நான்தான்."

"அப்ப அந்த பேஸ் பாடின ஆளு?"

"அதுவும் நான்தான்."

தானியேல் மாமா சிரிக்கத் தொடங்கினார். இந்த முறை எந்த உயரத்துக்கும் ஏறாமல், அடிவயிற்றிலிருந்து, மண்டபத்துக் கண்ணாடி அதிரச் சிரித்தார். ஜனவரிக் கமிட்டியில் முன்மொழிய ஒரு விஷயம் இருக்கிறது என்று போதகரிடம் அங்கேயே சொல்லிவிட்டார்: வருடத்துக்கு ஒரு பாட்டு இன்பராணி எழுத வேண்டும். வழிமொழிய அத்தனை கைகளும் கேக்கோடு உயர்ந்தன.